எழுத்து ஒன்று, புள்ளி வேறு

33, 15, 6, 2. ஒரே மரபணுவின் ஒரே வடிவத்துக்கு நான்கு கூட்டத்தாரிடம் கிடைத்த நான்கு எண்கள் இவை. ஏபிஓஈ என்ற மரபணுவுக்கு ஈ4 என்றொரு வடிவம் உண்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் ஈ4 ஆகவே அமைந்துவிட்டவருக்கு அல்சைமர் என்ற மறதி நோய் வரும் சாத்தியம், இரண்டும் ஈ3 ஆக அமைந்தவரைப் போல எத்தனை மடங்கு என்பதே கேள்வி. ஜப்பானியரிடம் 33 என்று விடை வந்தது. வெள்ளையரிடம் 15. ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் 6க்குக் கொஞ்சம் கீழே. ஹிஸ்பானியரிடம், அதாவது ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வழியினரிடம், 2க்குக் கொஞ்சம் மேலே. கிட்டத்தட்ட 6,000 நோயாளிகளின் தரவுகளை ஒன்றாகத் திரட்டி 1997இல் வெளியான ஆய்வின் கணக்கு இது. ஜப்பானியர், ஹிஸ்பானியர் குழுக்கள் சிறியவை. அதனால் அந்த 33ஐயும் 2ஐயும் கல்லில் பொறித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வரிசை மாறவில்லை. 2023இல் இன்னும் பெரிய தரவுகளோடு பார்த்தபோதும் கிழக்காசியர், வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர் என்று அதே இறங்குவரிசைதான் வந்தது.

இந்த எண்களை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு நண்பர். மதுரைக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அம்மா கடைசி ஆறு வருடம் மகனையே தன் தம்பி என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார். இவருக்கும் இப்போது பெயர்கள் நழுவுகின்றன. அமெரிக்காவில் இருக்கும் மகள் பயந்துபோய், எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் மரபணு அறிக்கை தரும் ஒரு பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். அறிக்கை வந்த அன்று இரவு போன். “என்னய்யா இது, ஈ3, ஈ4ன்னு போட்டு மூணு மடங்குன்னு எழுதியிருக்கான். யாரைவிட மூணு மடங்கு?”

நல்ல கேள்வி. பதில் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் இருந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வுகளை வைத்துப் போட்ட கணக்காம் அது.

ஏபிஓஈ, 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. கொழுப்பை ஏற்றி இறக்கும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அது. மூளைக்குள் இந்தப் புரதத்தைப் பெரும்பாலும் செய்பவை ஆஸ்ட்ரோசைட் என்னும் நட்சத்திர வடிவச் செல்கள். 299 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் 112ஆவது, 158ஆவது மணிகள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டும் சிஸ்டீன் என்றால் ஈ2. இரண்டும் ஆர்ஜினைன் என்றால் ஈ4. ஒன்று இது, ஒன்று அது என்றால் ஈ3. ஈ4 உள்ளவர்களின் மூளையில் அமிலாய்டு என்ற கசடு சீக்கிரம் படிகிறது, மெதுவாகக் கழிகிறது. ஈ4க்கும் அல்சைமருக்கும் உள்ள இந்த உறவை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோஸஸ் குழுவினர் 1993இல் கண்டுபிடித்தார்கள்.

ஈ4ஐ ஏதோ பழுதான வடிவம் என்று நினைப்பது தவறு. மனித குலத்தின் மூல வடிவமே அதுதான். ஈ3 பிறகு வந்தது. பொலிவியாவின் அமேசான் காடுகளில் வேட்டையும் விவசாயமுமாக வாழும் சிமானே மக்களிடம் ஈ4 உள்ள பெண்களுக்குச் சற்று அதிகமாகக் குழந்தைகள் பிறக்கின்றன. குடற்புழுத் தொற்று மிகுந்தவர்களில் ஈ4 உள்ளவர்களுடைய நினைவாற்றல் குறையவில்லை, மற்றவர்களைவிடக் கொஞ்சம் மேலாகவே இருந்தது என்றும் ஓர் ஆய்வு சொல்கிறது. புழுவோடு வாழ்ந்த காலத்துக்குக் கவசமாக இருந்த ஒன்று, பூச்சி மருந்தும் பெட்ரோலும் வந்த காலத்தில் பாரமாகியிருக்கலாம்.

இனி இபாதானுக்கு வருவோம். நைஜீரியாவின் இந்தப் பெருநகரில் யொருபா இன முதியவர்களையும், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஆப்பிரிக்க அமெரிக்க முதியவர்களையும் ஒரே கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஆய்வு 1992இல் தொடங்கியது. முன்னோர் ஓரளவு பொது. வாழ்க்கை முழுக்க வேறு. 2001இல் வந்த முடிவின்படி, 65 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுதோறும் புதிதாக அல்சைமர் வந்தவர்கள் இபாதானில் 1.15 சதவீதம், இண்டியானாபொலிஸில் 2.52 சதவீதம். இருமடங்குக்கு மேல். ஈ4 பற்றாக்குறையால் இபாதான் தப்பித்தது என்றும் சொல்ல வழியில்லை. யொருபா மக்களிடம் ஐந்து பிரதிக்கு ஒன்று என்ற அளவில் அது தாராளமாகவே இருக்கிறது. இருந்தும் ஆரம்ப வருடங்களில் அங்கே ஈ4க்கும் நோய்க்கும் தொடர்பே தெரியவில்லை. ஆட்களின் எண்ணிக்கை கூடிய பிறகுதான், இரண்டு பிரதி வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து உண்டு என்பது தெரிந்தது.

இதைக் கேட்டதும் “சாப்பாடு, உழைப்பு, ரத்தக்கொதிப்பு இல்லாத உடம்பு” என்று சொல்லிவிடத் தோன்றும். அதில் உண்மையும் இருக்கிறது. இபாதான் முதியவர்களுக்குக் கொலஸ்ட்ராலும் நீரிழிவும் குறைவாகவே இருந்தன. ஆனால் அதோடு கதை முடியவில்லை என்பதைக் காட்டியவர்கள் கலப்பு வம்சாவளியினர்.

போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய குரோமோசோம்கள் ஒட்டுத்துணி போல. ஒரு துண்டு ஸ்பெயினிலிருந்து வந்த கொள்ளுத்தாத்தாவுடையது, அடுத்த துண்டு அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கப் பாட்டியுடையது, இன்னொன்று தீவின் பூர்வகுடியுடையது. எந்தத் துண்டு யாருடையது என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியும். ஃபரித் ரஜப்லி என்ற ஆய்வாளரின் குழு 2018இல் அதைத்தான் செய்தது. ஈ4 உட்கார்ந்திருக்கும் துண்டு மட்டும் யாரிடமிருந்து வந்தது என்று போர்ட்டோ ரிக்கோக்காரர்களிடமும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடமும் பார்த்தார்கள். ஆப்பிரிக்கத் துண்டில் இருக்கும் ஈ4, ஐரோப்பியத் துண்டில் இருக்கும் ஈ4ஐவிடக் குறைவான ஆபத்தையே தந்தது. அந்த ஆளின் மற்ற குரோமோசோம்கள் எப்படி இருந்தாலும் சரி. தோல் என்ன நிறமானாலும் சரி. கணக்கெடுப்புப் படிவத்தில் ‘இனம்’ என்ற கட்டத்தில் அவர் எதை நிரப்பினார் என்பது இங்கே பொருட்டே இல்லை. ஒரே தெருவில், ஒரே இனப் பெயரோடு வாழும் இரண்டு பேரின் ஈ4கள் வேறு வேறு அக்கம்பக்கத்தோடு வந்திருக்கலாம்.

அக்கம்பக்கம் என்றால் என்ன? புரதம் அதேதான், அதன் மணிகள் மாறவில்லை. மாறுவது எவ்வளவு புரதம் உற்பத்தியாகிறது என்பது. அல்சைமரால் இறந்தவர்களின் மூளைத் திசுவை, செல் செல்லாகப் பிரித்துப் பார்த்தார்கள். கையில் இருந்தவை சில மூளைகள்தான். ஐரோப்பியத் துண்டோடு ஈ4 வந்தவர்களின் செல்களில் அந்த மரபணு அதிகமாக வேலை செய்துகொண்டிருந்தது. ஆப்பிரிக்கத் துண்டோடு வந்தவர்களிடம் சத்தம் தணிந்திருந்தது. ஐரோப்பியத் துண்டில் அந்த இடத்து டிஎன்ஏ சுருள் தளர்ந்து, படிப்பதற்குத் தோதாகத் திறந்து கிடந்ததும் பின்னர் தெரிந்தது. மரபியலும், எழுத்து மாறாமலே மரபணுவின் வேலை கூடிக் குறைவதைப் பற்றிய எபிஜெனெடிக்ஸும் கைகோக்கும் இடம் இது.

எபிஜெனெடிக்ஸை விளக்க ஆங்கிலத்தில் ஸ்விட்ச், விளக்கு என்றெல்லாம் சொல்வார்கள். நமக்கு அதைவிட நல்ல உவமை கையிலேயே இருக்கிறது: புள்ளி. ‘க’ என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் உள்ளே இருந்த அகரம் அடங்கி ‘க்’ ஆகிவிடுகிறது. எழுத்தின் வடிவம் மாறவில்லை; ஒலி அடங்கியது. டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்தின்மேல் மெத்தில் என்ற ஒரு துணுக்கு, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், போய் உட்கார்வதும் பல இடங்களில் இதே வேலையைத்தான் செய்கிறது. ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். ‘மண’ என்று இருந்தால் அது மண்ணா, மண நாளில் வரும் மணவா என்று படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். எச்சில் குழாய் அறிக்கையும் அப்படித்தான், புள்ளியில்லாச் சுவடி. எழுத்தைச் சொல்லும், எங்கே ஒலி அடங்கியிருக்கிறது என்று சொல்லாது. (உவமை ஓரளவுக்குத்தான். மெத்தில் எல்லா இடத்திலும் அடக்குவதில்லை. சில இடங்களில் எதிர்மாறாகவும் நடக்கும்.)

புள்ளிகளை வைப்பது யார்? பிறப்பில் கொஞ்சம், வயது கொஞ்சம், வாழ்ந்த வாழ்க்கை நிறைய. ஓர் இரட்டையர் கதை இதைச் சொல்லும். ஒரே கருவில் பிரிந்த இரட்டைச் சகோதரர்கள்; மரபணு எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒன்றாக வளர்ந்து, இருவரும் கெமிக்கல் இன்ஜினியர் ஆனார்கள். ஒருவர் பூச்சிக்கொல்லிகளோடு அதிகம் புழங்கியவர். அவருக்கு 60 வயதில் அல்சைமர் தொடங்கி 76இல் இறந்தார். மற்றவர் வேறு சூழலில் வேலை பார்த்தவர். நினைவு தெளிவாக இருந்து, 79இல் புராஸ்டேட் புற்றுநோயால் போனார். இரண்டு மூளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வந்தது. நோய் வந்தவருடைய மூளையின் பொட்டுப் பகுதி நரம்புச் செல்களில் மெத்தில் புள்ளிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. இது ஒரே ஒரு ஜோடி. பூச்சிக்கொல்லிதான் காரணம் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதே எழுத்து இரண்டு விதமாகப் படிக்கப்படலாம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைப்பது அரிது.

சிறுவயதில் பட்டது முதுமையில் தலைகாட்டுமா? குட்டியாக இருந்தபோது பாலில் ஈயம் கலந்து கொடுக்கப்பட்ட குரங்குகளை 23 வயதில் பார்த்தபோது, அமிலாய்டை உண்டாக்கும் மரபணுக்கள் அவற்றின் மூளையில் அதிக வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஈயம் நிறுத்தப்பட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மெத்தில் புள்ளி வைக்கும் நொதியின் வேலையும் குறைந்திருந்தது. மனிதர்களிடம் இப்படிப் பரிசோதிக்க முடியாது. ஆனால் வரலாறு சிலசமயம் செய்துவிடுகிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் ஹாலந்தில் பஞ்சம். அப்போது கருவில் இருந்தவர்களை ஆறு பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சிக்கான ஐஜிஎஃப்2 மரபணுவில், பஞ்சத்தைப் பார்க்காத உடன்பிறந்தவர்களைவிடப் புள்ளிகள் குறைந்தே இருந்தன. புகைப்பிடித்தவரின் ரத்தத்திலும் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் அடையாளம் விழுகிறது. சிகரெட்டை விட்ட பிறகும் வருடக்கணக்கில் அது முழுதாக அழிவதில்லை.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அமெரிக்காவைத் திரும்பப் பாருங்கள். ஈ4 கறுப்பின மக்களிடம் வீரியம் குறைந்தது என்றால் அல்சைமரும் அவர்களிடம் குறைவாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு: முதிய கறுப்பினத்தவருக்கு டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களின் பொதுப்பெயர்) வெள்ளையரைப் போலக் கிட்டத்தட்ட இருமடங்கு. அவர்களிடம் வேறு மரபணு ஆபத்துகளும் உண்டுதான். ஏபிசிஏ7 என்ற மரபணுவின் ஒரு வடிவம் வெள்ளையரைவிட அவர்களிடம் கனமாக வேலை செய்வதாக 2013இல் கண்டார்கள். ஆனால் இருமடங்கை அது மட்டும் விளக்காது. இன்று 85 வயதில் இருக்கும் தென்மாநிலக் கறுப்பினப் பெண்மணி, நிறம் பிரித்த பள்ளிக்கூடத்தில் கிழிந்த புத்தகத்தில் படித்தவர். தொழிற்சாலைப் புகை அடிக்கும் பேட்டையைத் தவிர வேறெங்கும் வீட்டுக்கடன் கிடைக்காத குடும்பத்தில் வாழ்ந்தவர். வறிய பேட்டைகளில் வாழ்பவர்களின் மெத்தில் கடிகாரம், அதாவது ஸ்டீவ் ஹார்வத் 2013இல் 353 புள்ளி இடங்களை வைத்து வயதைக் கணித்த முறையும் அதன் வழிவந்தவையும், உண்மை வயதைவிட முந்தி ஓடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இது தொடர்புதான், எது காரணம், எது விளைவு என்று இன்னும் பிரிக்கப்படவில்லை. ஆனால் ‘இனத்துக்கு இனம் ஆபத்து மாறுகிறது’ என்ற தலைப்பைப் பார்த்தாலே ‘ரத்தத்தில் இருக்கிறது’ என்று பலரும் படித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வாசிப்பில்தான் சண்டை. ரத்தம் ஒரு பக்கம் இழுக்கிறது. பேட்டை மறுபக்கம் இழுக்கிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவர் விஷயத்தில் பேட்டைதான் ஜெயிக்கிறது என்று எனக்குப் படுகிறது.

எபிஜெனெடிக் ஆய்வில் ஒரு பெரிய இடைஞ்சலையும் சொல்லிவிட வேண்டும். உயிரோடு இருப்பவரின் மூளையைக் கிள்ளிப் பார்க்க முடியாது. ரத்தத்தில் இருக்கும் புள்ளிகள் மூளையில் இருப்பவை அல்ல. இறந்தவர் மூளையில் ஏஎன்கே1 என்ற மரபணுவின்மேல் புள்ளிகள் கூடியிருப்பதை 2014இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. நோய் அதை எழுதியதா, அது நோயை எழுதியதா என்பது வேறு கேள்வி. தானமாக வரும் மூளைகளும் பெரும்பாலும் வெள்ளையருடையவை.

எழுத்துகளைப் படிப்பதிலும் அதே ஓரவஞ்சனை. 2022இல் வெளியான மாபெரும் ஆய்வு 75 இடங்களில் அல்சைமர் ஆபத்தை அடையாளம் கண்டது. அதில் நோயாளிகள் பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு, ஒப்பீட்டுக்கு நோயில்லாத ஆறேமுக்கால் லட்சம் பேர். அடிப்படை ஐரோப்பிய வம்சாவளி. உலக மக்களில் ஆறில் ஒருவருக்கு மேல் வாழும் இந்தியா இதில் எங்கே?

இந்தியாவில் ஆரம்பம் நன்றாகவே இருந்தது. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990களில் நடந்த இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வில், 65 வயது தாண்டியவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 4.7 பேருக்கே புதிதாக அல்சைமர் வந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த பென்சில்வேனியாவின் மொனொங்கஹேலா பள்ளத்தாக்கில் 17.5. ஈ4 அங்கே 11 சதவீதம், பல்லப்கரில் 7 சதவீதம். குறைவுதான், ஆனால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசத்துக்கு அது போதாது. வேடிக்கை என்னவென்றால், ஈ4 வைத்திருந்தவர்களுக்கு அது இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்தைத்தான் தந்தது. ஆக இபாதான் கதையை அப்படியே இங்கே ஒட்ட முடியாது.

பல்லப்கர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ‘மஞ்சள்தான் காரணம்’ என்று கிளம்பிய கூட்டம் பெரிது. நான் அந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். நம் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களே காரணம். 10/66 என்ற பன்னாட்டு ஆய்வில் வேலூர்தான் இந்தியாவின் கிராமப்புறக் களம், சென்னை நகர்ப்புறக் களம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் அளவுகோலை வைத்தபோது கிராமப்புற இந்தியாவில் டிமென்ஷியா 0.3 சதவீதம். ஏழை நாடுகளுக்கென்று, படிக்காதவர்களுக்கும் பொருந்தும்படி செய்த அளவுகோலை வைத்தபோது, ஆய்வு நடந்த ஏழு நாடுகளின் எந்தக் களத்திலும் 5.6 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. நோய் ஒரே நாளில் கூடிவிடவில்லை. “வயசாயிடுச்சு, பெரியவங்களுக்கு அப்படித்தான்” என்று வீட்டார் சொன்னதை ஒரு அளவுகோல் நம்பியது, இன்னொன்று நம்பவில்லை. மருமகள் சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்து, சேலையைச் சுற்றிவிட்டு, வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் வீட்டில், பாட்டியால் ‘அன்றாட வேலை செய்ய முடியவில்லை’ என்பதே யாருக்கும் தெரிவதில்லை. இந்தியா முழுக்க நடந்த லாசி-டாட் ஆய்வின் 2023 கணக்குப்படி, 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. ஆண்களைவிடப் பெண்களுக்கு, நகரத்தைவிடக் கிராமத்துக்கு அதிகம். படிப்பு மறுக்கப்பட்டது யாருக்கு என்று யோசித்தால் அந்த வரிசை புரியும்.

இந்திய மரபணுத் தரவும் இப்போதுதான் சேரத் தொடங்கியிருக்கிறது. ஜீனோம்இந்தியா திட்டத்தின் சுமார் 10,000 பேருடைய முழு டிஎன்ஏ தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கர்நாடகத்தின் சீனிவாசபுராவில், பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இயங்கும் மூளை ஆய்வு மையம் கிராமத்து மக்களைப் பல வருடங்களாகப் பின்தொடர்ந்து வருகிறது. நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்துவந்த ஆயிரக்கணக்கான சமூகங்கள் உள்ள நாட்டில் ‘தெற்காசியர்’ என்ற ஒற்றைக் கட்டம், போர்ட்டோ ரிக்கோக்காரருக்கு ‘ஹிஸ்பானியர்’ என்பதைவிடப் பெரிதாக எதையும் சொல்லிவிடாது.

ஒரு எழுத்து இன்னொரு எழுத்தை வெட்டும் என்பதற்குக் கொலம்பியாவில் ஓர் உதாரணம் உண்டு. மெதெயின் நகரைச் சுற்றிய மலையூர்களில், பிரிசெனிலின்-1 மரபணுவில் ஒற்றைப் பிழையோடு பெருங்குடும்பம் ஒன்று; பிழை உள்ளவருக்கு நாற்பதுகளின் நடுவில் மறதி தொடங்கிவிடும், 49 வாக்கில் டிமென்ஷியா. பிரான்சிஸ்கோ லோப்பேரா என்ற நரம்பியல் மருத்துவர் 2024இல் இறக்கும்வரை நாற்பது வருடம் அவர்களைப் பின்தொடர்ந்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு மட்டும் எழுபது வயதைத் தாண்டும்வரை மறதி வரவில்லை. மூளை முழுக்க அமிலாய்டு; டௌ என்ற அடுத்தகட்டக் கசடு மட்டும் குறைவு. அவரிடம் ஏபிஓஈ மரபணுவில் கிறைஸ்ட்சர்ச் என்ற அபூர்வ வடிவம் இரண்டு பிரதியாக இருந்தது. ஈ4ஐ வில்லனாக்கிய அதே மரபணு இங்கே காவல் நின்றது.

மரபணுப் பரிசோதனையே வீண் என்று சொல்ல வரவில்லை. அமிலாய்டை அகற்றும் லெக்கானெமாப் ஊசியின் சோதனையில், ஈ4 இரண்டு உள்ளவர்களில் 32.6 சதவீதம் பேருக்கு மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது; ஈ4 இல்லாதவர்களில் 5.4 சதவீதம்தான். அந்த ஊசி போடுமுன் எழுத்தைத் தெரிந்துகொள்வது உயிர் விஷயம். மறதி வந்துவிடுமோ என்று பயந்து, நடு ராத்திரியில் தெரிந்துகொள்வது வேறு.

நண்பர் அந்த அறிக்கையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் முதல் பக்கத்தைப் பார்த்து மேசை ஓரமாக வைத்துவிட்டு, “சைவமா சார் நீங்க?” என்றார். ஐந்து தலைமுறையாக என்றார் இவர் பெருமையோடு. “டிவி சவுண்டு எவ்வளவு வைப்பீங்க?” இதற்கு மனைவி பதில் சொன்னார்: “தெரு முழுக்கக் கேக்கும் டாக்டர்.” சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12, காது கேட்கும் திறன் என்று நான்கு சோதனைகள் எழுதினார். மெத்தில் துணுக்கை உடம்பு தயாரிக்கும் சுழற்சியில் பி12க்குப் பங்கு உண்டு. அதற்காக மாத்திரை போட்டால் வேண்டிய இடத்தில் புள்ளி விழும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பி12 குறைந்தாலே மறதி வரும், அது சரிசெய்யக்கூடிய மறதி. நான்கு நாளில் முடிவு வந்தது. பி12 பாதாளத்தில் கிடந்தது. இடது காது பாதிக்குமேல் போயிருந்தது. ஊசி ஆரம்பித்தாயிற்று, காதுக்கருவியை மட்டும் “அது கிழவனுங்க போடறது” என்று சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்.